5 + நிறை ஏன் கூட்டுப்படவில்லை? பைதனில் சொந்தக் கிளாஸும் தானாக டைப் மாறுவதும்

கேள்வி சுருக்கமாக இது. கிளிநொச்சியில் நெல் கொள்வனவு செய்யும் ஒரு கடைக்குக் கேட்டவர் பைதனில் கணக்கு எழுதுகிறார். நிறை என்று ஒரு கிளாஸ், உள்ளே கிலோ. நிறை(65) + 5 என்றால் 70 கிலோ வருகிறது. 5 + நிறை(65) என்று திருப்பிப் போட்டால் டைப்எரர், அதாவது டைப் பொருந்தவில்லை என்ற பிழை. ஒரு நாள் வரவையெல்லாம் லிஸ்டில் போட்டு சம் கொடுத்தாலும் அதே பிழை. ஜாவாவில் ஸ்ட்ரிங்கோடு எதைக் கூட்டினாலும் தானாக மாறுகிறதே, பைதனையும் அப்படி மாற்றவைக்க எந்த மெதட்டை எழுதவேண்டும் என்று கேட்கிறார்.

ஆட், ராட், சப், ரசப், ரமுல், புளோட், பூல், இன்டெக்ஸ், லென், ஸ்ட்ர், ஃபோர்மட், ஈக்யூ, ஹாஷ், ஐஆட் என்று நான் கீழே எழுதுவதெல்லாம் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போடுகிற மெதட்டுகள். ஒலிப்படியே எழுதுகிறேன், தட்டும்போது அடிக்கோட்டை விட்டுவிடாதீர்கள்.

அப்படி ஒரு மெதட் பைதனில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. பைதன் 2இல் கோஎர்ஸ் என்ற மெதட் இரண்டு பக்கத்தையும் ஒரே டைப்புக்குக் கொண்டுவரும். 2008இல் பைதன் 3 வந்தபோது அதைத் தூக்கிவிட்டார்கள். இன்று கூட்டல் குறிக்குப் பின்னால் மாற்றம் என்று ஒரு படியே கிடையாது. இடப்பக்கத்தாரிடம் ஒரு தடவை கேட்பார்கள், அவருக்குத் தெரியாவிட்டால் வலப்பக்கத்தாரிடம் ஒரு தடவை. அவ்வளவுதான். நிறை(65) + 5 சரிவந்தது பைதன் 5ஐ நிறையாக மாற்றியதால் அல்ல. உங்கள் ஆட் மெதட்டுக்குள் "எண் வந்தால் கிலோவோடு கூட்டு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

5 + நிறை(65) என்ற வரியில் நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். இடப்பக்கம் 5, அதன் டைப் இன்ட், அதாவது முழு எண். இன்ட் கிளாஸின் ஆட் மெதட்டிடம் "இந்த நிறையோடு கூட்டத் தெரியுமா" என்று கேட்கப்படுகிறது. இன்டுக்கு உங்கள் கிளாஸைத் தெரியாது. அது பிழை எறியாமல் நொட்இம்ப்ளிமென்டட் என்ற ஒரு பெறுமதியைத் திருப்பித் தருகிறது. "என்னால் ஏலாது, மற்றவரைக் கேள்" என்று அதற்குப் பொருள். அடுத்து வலப்பக்கத்து நிறை கிளாஸில் ராட் இருக்கிறதா என்று பார்க்கிறது பைதன். இருந்தால் 5ஐ அதனிடம் கொடுக்கும். உங்களிடம் ராட் இல்லை, ஆகவே டைப்எரர். இரண்டு பக்கமும் நொட்இம்ப்ளிமென்டட் சொன்னாலும் இதே பிழைதான்.

இதில் மூன்று நுணுக்கங்கள் உண்டு. மெதட்டை ஒப்ஜெக்டில் தேடுவதில்லை, கிளாஸில்தான் தேடும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஒப்ஜெக்டுக்கு மட்டும் ராட்டை ஒட்டிவிட்டுப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. இரண்டு பக்கமும் ஒரே டைப் என்றால் ராட் கேட்கப்படுவதே இல்லை, ஆட் மறுத்ததும் கதை முடிந்தது. மூன்றாவது, வலப்பக்கத்தின் கிளாஸ் இடப்பக்கத்தின் பிள்ளைக் கிளாஸாக இருந்து ராட்டைத் தன்பாட்டுக்கு மாற்றி எழுதியிருந்தால், முதலில் பிள்ளையைத்தான் கேட்கும். நிறைக்குக் கீழே நெல்நிறை என்று ஒன்று எழுதினால், நிறை + நெல்நிறை என்பதன் விடையைத் தீர்மானிப்பது நெல்நிறை. இது தெரியாமல் "இடமிருந்து வலம்தானே" என்று பிழை தேடினால் ஒரு பின்னேரம் வீணாகும்.

நொட்இம்ப்ளிமென்டட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். சொந்தக் கிளாஸ்களில் வரும் பிழைகளில் பல இதைச் சுற்றித்தான் வருகின்றன. இதைத் திருப்பித் தரவேண்டும், எறியக்கூடாது. நொட்இம்ப்ளிமென்டட்எரர் என்று பெயரில் ஒரு வாலோடு இன்னொன்று இருக்கிறது. அது பிள்ளைக் கிளாஸ் எழுதவேண்டிய மெதட்டை எழுதாமல் விட்டால் எறிவதற்கு. அதை ஆட்டுக்குள் எறிந்தால் வலப்பக்கத்தாருக்கு வாய்ப்பே கிடைக்காது. ஆட்டுக்குள் நீங்களாக டைப்எரர் எறிவதும் அதே தவறு. இன்று உங்கள் கிளாஸ் தனியாக இருப்பதால் வித்தியாசம் தெரியாது. நாளை நிறையோடு கூட்டத் தெரிந்த ஒரு லொறிச்சுமை கிளாஸை இன்னொருவர் எழுதி, நிறை + லொறிச்சுமை என்று போட்டால், அவருடைய ராட்டுக்கு முறை வருமுன்பே உங்கள் கிளாஸ் கதவைச் சாத்திவிடும்.

நன் (ஒன்றுமில்லை என்ற பெறுமதி) அல்லது பால்ஸ் திருப்பித் தருவது இதைவிட மோசம். பைதன் அதை விடை என்று எடுத்துக்கொள்ளும். கணக்கு பத்து வரி ஓடிய பிறகு எங்கேயோ வெடிக்கும்.

ஆகவே ஆட்டின் உடல் இரண்டு வரியில் முடியவேண்டும். வந்தது நிறையா, எண்ணையும் ஏற்பதென்றால் எண்ணா, என்று இஸ்இன்ஸ்டன்ஸ் கொண்டு பார், இல்லையென்றால் நொட்இம்ப்ளிமென்டட்டைத் திருப்பிக் கொடு. ஆம் என்றால் இரண்டையும் கூட்டிப் புது நிறை ஒன்றைத் திருப்பிக் கொடு. கூட்டலில் இடம் வலம் மாறினாலும் விடை ஒன்றுதான், அதனால் கிளாஸுக்குள் ராட் = ஆட் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அதே கையோடு ரசப் = சப் என்று போட்டுவிடாதீர்கள். கழித்தலில் எண்ணையும் ஏற்கும் கிளாஸ் என்றால் 100 − நிறை(65) என்பதற்கு 35 வராது, −35 வரும். பிழைச் செய்தியும் வராது. ரசப்பில் "நான்" என்பது வலப்பக்கத்து ஒப்ஜெக்ட், "வந்தது" என்பது இடப்பக்கத்து எண், ஆகவே "வந்தது கழித்தல் நான்" என்று தனியாக எழுதவேண்டும். ராட் = ஆட் குறுக்குவழிக்கும் ஒரு விலை உண்டு. பிள்ளைக் கிளாஸ் ஆட்டை மட்டும் மாற்றினால், ராட் பழைய ஆட்டையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இனி சம். அது 0 என்ற இன்டிலிருந்து தொடங்குகிறது. முதல் படியே 0 + நிறை, ஆகவே ராட் இல்லாமல் நகராது. ராட்டுக்குள் "0 வந்தால் மட்டும் என்னையே திருப்பித் தா" என்று எழுதுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. நான் அதைச் சொல்லமாட்டேன். சம்முக்கு இரண்டாவது இடத்தில் தொடக்கப் பெறுமதி கொடுக்கலாம்: சம்(வரவுகள், நிறை(0)). இது ஏன் மேல் என்றால், மாரிமழைக்கு ஒரு மூடையும் வராத நாளில் லிஸ்ட் வெறுமையாக இருக்கும். வெறும் லிஸ்டைத் தொடக்கம் இல்லாமல் கூட்டினால் விடை வெறும் இன்ட் 0. உங்கள் ராட் கூப்பிடப்படுவதே இல்லை. அடுத்த வரியில் மொத்தம்.கிலோ என்று கேட்டதும், இன்டுக்கு அப்படி ஒன்று இல்லை என்று அட்ரிபியூட்எரர் வரும். அறுவடைக் காலம் முழுக்க ஒழுங்காக ஓடிய செயலி, வரவே இல்லாத நாளில் விழும்.

இவ்வளவும் எப்படி என்பது. 5ஐ நிறையாக எடுக்கத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. வேண்டாம் என்பது என் பக்கம்.

5 என்றால் 5 என்ன? வன்னியில் நெல் வாங்குகிற ஒரு கடைக் கொப்பியில் கிலோவும் மூடையும் புசலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். புசல் என்றால் நெல்லுக்கு 46 இறாத்தல், கிட்டத்தட்ட 20.9 கிலோ. 5 புசல் 104 கிலோவைத் தாண்டும். மூடை ஒரு அளவே அல்ல. சாக்கையும் நிரப்பிய கையையும் பொறுத்து மாறும், ஒவ்வொன்றையும் தராசில் வைத்தால்தான் எண் வரும். இப்படி இருக்க, அலகு இல்லாத 5ஐக் கிளாஸ் தானாகக் கிலோ என்று எடுத்தால், ஆள் புசல் என்று நினைத்து அடித்த 5 கிலோவாகப் பதிந்துவிடும். ஒரு தட்டலில் விவசாயிக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ நட்டம். இப்போது உங்களுக்கு வரும் டைப்எரர் அதைத்தான் தடுத்துக்கொண்டிருக்கிறது.

காணிக் கணக்கிலும் இதே சிக்கல். வன்னியில் ஏக்கர், யாழ்ப்பாணத்தில் பரப்பு. 16 பரப்பு ஒரு ஏக்கர் என்ற கணக்கை மாற்றமெதட்டாக எழுதலாம், ஏனென்றால் அது ஒரே பெருக்கல். இரணைமடுக் குளத்தில் 36 அடி தண்ணீர் என்பதைக் கனமீற்றராக்க அப்படி ஒரு பெருக்கல் கிடையாது. குளத்தின் தரை சாய்ந்தும் விரிந்தும் கிடப்பதால் அடிக்கு அடி கொள்ளளவு மாறும், அதற்கு அட்டவணை வேண்டும். இரண்டுக்கும் "தானாக மாற்று" என்ற ஒரே பெயரைக் கொடுத்தால் எழுதியவருக்கே பின்னால் வித்தியாசம் மறந்துபோகும். பெறுமதி எதுவும் இழக்காமல், ஒரே ஒரு பொருளில் மாறுவதை மட்டும் தானாக மாறவிடுங்கள்.

ஆகவே கிளாஸை இப்படி மாற்றுங்கள். உள்ளே கிராம், இன்டாக. வெளியே நிறை.கிலோவில்("65.5"), நிறை.புசலில்(5) என்று பெயரிலேயே அலகு சொல்லும் கிளாஸ்மெதட்டுகள். மூடையில் என்று ஒன்றை எழுதவேண்டாம். கிலோவை ஸ்ட்ரிங்காகக் கொடுத்து, தசம எண்ணை அப்படியே வைத்திருக்கும் டெசிமல் கிளாஸ் வழியாகக் கிராமாக்குவதற்குக் காரணம் உண்டு. பைதனின் சாதாரண தசமப்புள்ளி எண்ணான புளோட்டில் 0.1 என்பது சரியாக 0.1 அல்ல, 0.1000000000000000055 என்று தொடரும் ஓர் எண். பைதனின் நூலகமே இதில் கறாராக நிற்கிறது. டெசிமலோடு இன்டைக் கூட்டலாம், புளோட்டைக் கூட்டினால் டைப்எரர். பிராக்ஷன் கிளாஸ் இளகினது, புளோட் சேர்ந்தால் விடையும் புளோட்டாகிவிடும். காசுக் கணக்குக்கு டெசிமலின் பிடிவாதத்தைப் பின்பற்றுங்கள். கிலோ 120 ரூபா என்று வைத்தால் 65.5 கிலோவுக்கு 7860 ரூபா, அதில் சதத்துக்கு ஊசலாட்டம் இருக்கக்கூடாது.

முழு எண்ணாக்கும்போது ரவுண்ட் சார்பையும் கவனியுங்கள். அது பாதியை இரட்டை எண்ணின் பக்கம் தள்ளும். ரவுண்ட்(2.5) என்றால் 2. கடையில் நிற்பவர் எதிர்பார்ப்பது 3. டெசிமலின் குவான்டைஸ் மெதட்டில் பாதியை மேலே ஏற்றும் முறையைத் தெரிந்தெடுங்கள்.

பெருக்கல் வகுத்தலில் எண்ணை ஏற்பது நியாயம்தான், ஏனென்றால் அங்கே எண்ணுக்கு அலகு தேவையில்லை. நிறை × 3 என்றால் நிறை. 3 × நிறை என்பதும் நிறை, அதற்கு ரமுல் எழுதவேண்டும். நிறை ÷ 4 நிறை. நிறை ÷ நிறை வெறும் எண். நிறை × நிறை என்பதற்குக் கடையில் பொருள் இல்லை, நொட்இம்ப்ளிமென்டட். 3 ÷ நிறையும் அப்படியே. எண்ணா என்று பார்க்கும்போது இரண்டு பொறிகள் இருக்கின்றன. ட்ரூவும் பால்ஸும் பைதனில் இன்டின் பிள்ளைகள், ஆகவே நிறை × ட்ரூ சத்தமில்லாமல் போய்விடும். வேண்டாமென்றால் அவற்றின் டைப்பான பூலை முதலில் விலக்கவேண்டும். நம்பர்ஸ் மொடியூலில் உள்ள ரியல் கொண்டு சோதித்தால் டெசிமல் அதற்குள் அடங்காது, நீங்கள் ஏற்க நினைத்ததையே தள்ளிவிடும். இன்ட், டெசிமல் என்று பெயர் சொல்லிச் சோதிப்பதே நல்லது.

ஈரப்பதமும் இதோடு ஒட்டியதுதான். 20 வீத ஈரத்தில் 100 கிலோ நெல், 14 வீதத்துக்குக் காய்ந்தால் 100 × 80 ÷ 86, ஏறத்தாழ 93 கிலோ. பச்சை நெல்லையும் காய்ந்த நெல்லையும் ஒரே நிறையாகக் கூட்டவிட்டால் அந்த 7 கிலோ கணக்கில் எங்கேயும் தெரியாது. ஈரத்தையும் கிளாஸுக்குள் வைத்து, வேறுபட்டால் கூட்டலை மறுக்கச் செய்யுங்கள். இரண்டும் ஒரே டைப் என்பதால் இங்கே நொட்இம்ப்ளிமென்டட் தருவதைவிட, "ஈரம் 20, ஈரம் 14, முதலில் காய்ந்தநிறைக்கு மாற்றுங்கள்" என்று தெளிவான செய்தியோடு வல்யூஎரர் எறிவது உதவும்.

கூட்டல் குறிக்கு வெளியேயும் நிறை தானாக மாறக்கூடிய வாசல்கள் இருக்கின்றன. புளோட் மெதட்டை எழுதினால் மத் மொடியூலின் வர்க்கமூலம் முதலிய சார்புகள் நிறையைக் கேள்வி கேட்காமல் எண்ணாக எடுத்துக்கொள்ளும். அலகு அங்கே கழன்றுவிடும். நிறைக்கு அதை எழுதாதீர்கள், கிலோவாக வேண்டுமென்றால் கிலோ என்ற புரொப்பர்ட்டி போதும். இன்டெக்ஸ் மெதட்டை எழுதவே கூடாது. அது இருந்தால் நிறையை லிஸ்டின் இட எண்ணாகவே போடலாம், பைதன் 3.8 முதல் இன்ட், புளோட் இரண்டும் அதை மாற்றுவழியாகப் பிடித்துக்கொள்ளும். பூலை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். பூலும் லென்னும் இல்லாத ஒப்ஜெக்ட் எப்போதும் உண்மை. "இருப்பு இருந்தால் விற்கலாம்" என்ற வரி, இருப்பு 0 கிலோ ஆனாலும் விற்கச் சொல்லும்.

ஜாவாவைப் பற்றி. அங்கே ஸ்ட்ரிங்கோடு கூட்டும்போது மாறுவது மொழியே ஸ்ட்ரிங்குக்குக் கொடுத்த தனிச்சலுகை. சொந்தக் கிளாஸுக்குக் கூட்டல் குறியை எழுதவே ஜாவா விடாது. பைதனில் "மொத்தம்: " + நிறை என்று போட்டால் ஸ்ட்ர் மெதட் கூப்பிடப்படாது. உங்கள் ராட் இருந்தால் அந்த ஸ்ட்ரிங் அதனிடம்தான் வந்து நிற்கும். டைப் பார்க்காமல் எழுதிய ராட் அங்கே விளங்காத பிழை ஒன்றைக் கக்கும். எப்-ஸ்ட்ரிங் பாவியுங்கள். அதற்குள் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் என்று வடிவம் கேட்டால், ஃபோர்மட் மெதட் எழுதாத கிளாஸில் அதுவும் டைப்எரர்தான்.

சமன் பார்ப்பதில்தான் சத்தமில்லாத பிழை. நிறை < 65 என்று கேட்டு இரண்டு பக்கமும் மறுத்தால் டைப்எரர் வரும், நல்லது. நிறை == 65 என்று கேட்டு இரண்டு பக்கமும் மறுத்தால் பிழை வராது, பால்ஸ் வரும். பழைய கோடில் எங்காவது எண்ணோடு ஒப்பிட்டிருந்தால் அந்த இஃப் இனி ஒருபோதும் உண்மையாகாது. கிளாஸை மாற்றிய அன்றே அவற்றைத் தேடித் திருத்தவேண்டும். சமன் பார்க்கும் ஈக்யூ மெதட்டை எழுதி ஹாஷ் எழுதாவிட்டால் பைதன் ஹாஷை நன் ஆக்கிவிடும், பிறகு நிறையை டிக்ஷனரியின் சாவியாகவோ செட்டிலோ வைக்கமுடியாது. கிராமின் ஹாஷையே திருப்பிக் கொடுத்தால் போதும். ஒப்பீட்டுக்கு ராட் போன்ற திருப்பி மெதட்டுகள் கிடையாது, சிறியதுக்குத் திருப்பி பெரியது. ஒன்றை எழுதி மற்றவற்றை பங்க்டூல்ஸ் மொடியூலின் டோட்டல்ஓடரிங்கிடம் விடலாம்.

ஐஆட் எழுதவேண்டாம். இருப்பு += வரவு என்பதற்கு ஐஆட் இல்லாவிட்டால் பைதன் ஆட்டையே கூப்பிட்டுப் புது ஒப்ஜெக்டை இருப்பில் வைக்கும். அதுதான் தேவை. ஐஆட்டுக்குள் உள்ளே இருக்கிற கிராமை மாற்றினால், காலையில் காலையிருப்பு = இருப்பு என்று எடுத்துவைத்த பெயரும் அதே ஒப்ஜெக்டைப் பிடித்திருக்கும். மாலையில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும், அன்றைய வரவு 0 என்று அறிக்கை வரும்.

வேறு மொழியில் இதே வேலை வந்தால்: நீங்கள் மனதில் வைத்திருக்கும் "தானாக" என்பதற்குக் கிட்ட வருவது ரூபி. 5 + நிறை என்றால் நிறையின் கோஎர்ஸ் மெதட்டிடம் 5ஐக் கொடுத்து, கூட்டக்கூடிய ஒரு சோடியைத் திருப்பிக் கேட்கும். சி++இல் ஒற்றைப் பெறுமதி எடுக்கும் கொன்ஸ்ட்ரக்டர் இருந்தாலே 5 தானாக நிறையாகும். அதைத் தடுக்கத்தான் எக்ஸ்பிளிசிட் என்ற சொல். அங்கே பழகியவர்கள் அதைப் போடாமல் விடுவதில்லை.

எண் வரிசைகளைக் கையாளும் நம்பை நூலகத்தைப் பாவித்தால் ஒரு கூடுதல் வேலை. நம்பை அரே இடப்பக்கம் இருந்தால் அது நொட்இம்ப்ளிமென்டட் சொல்லி ஒதுங்காது. ஒவ்வொரு உறுப்போடும் நிறையைத் தனித்தனியாகச் சேர்க்கப் பார்த்து, ஒப்ஜெக்ட் அரே ஒன்றைத் தரும். முறை உங்கள் ராட், ரமுல்லுக்கு வரவேண்டுமென்றால் கிளாஸில் அரேயூபங்க் என்பதை நன் என்று வையுங்கள். நாலு அடிக்கோட்டோடு, அரேக்கும் யூபங்குக்கும் நடுவில் இன்னொரு அடிக்கோடு.

டெஸ்ட் எழுதும்போது சரிவரும் கூட்டலை மட்டும் எழுதாதீர்கள். நிறை + 5, 5 + நிறை இரண்டும் டைப்எரர் தரவேண்டும். 3 × நிறையும் நிறை × 3உம் சமன். 0 கிலோ பொய் என்று வரவேண்டும். நெல்நிறையை இடப்பக்கமும் வலப்பக்கமும் வைத்துப் பாருங்கள். ராட் மட்டும் உள்ள ஒரு பொய்க் கிளாஸை நிறைக்கு வலப்பக்கம் வைத்து, அதன் ராட்டுக்கு உண்மையில் முறை வருகிறதா என்று பாருங்கள். வெறும் லிஸ்டின் கூட்டுத்தொகை நிறையாகவே வரவேண்டும்.